ட்ரயல் விண்டோஸை வாங்கிய லைசன்ஸுக்கு மாற்றுவது: கீயைத் தட்டுவது கடைசி வேலை

"காசு குடுத்துத்தான் கீ வாங்கினது, ஏறுதில்லயே" என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கொம்பியூட்டர் கடைக்கு வரும் மெஷின்களில் பலவற்றில் கீயில் (விண்டோஸை அக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீடு) பிழை இருப்பதில்லை. மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸ் ஒன்று, வாங்கிய கீ இன்னொன்றுக்கு. கீயை வாங்கிவிட்டு மெஷினைப் பார்ப்பதால் வரும் வினை இது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் கீயைத் தட்டும் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்திய வேலைகளுக்குத்தான் ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

1. மெஷினில் இருப்பது எது என்று பாருங்கள்

"ட்ரயல்" என்று எல்லோரும் சொல்வது இரண்டு வெவ்வேறு நிலைகளை. முதலாவது, கீ கொடுக்காமல் போட்ட சாதாரண ஹோம் அல்லது ப்ரோ எடிஷன் (விண்டோஸின் வகை). திரையின் வலப்பக்க அடியில் "அக்டிவேட் விண்டோஸ்" என்ற மங்கிய எழுத்து நிற்கும். வோல்பேப்பர், நிறம் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற விடாது. இதற்குக் கெடு நாள் கிடையாது. சரியான கீ கொடுத்தால் அப்படியே அக்டிவேட் ஆகும்.

இரண்டாவதுதான் உண்மையான ட்ரயல்: எண்டர்பிரைஸ் எவாலுவேஷன். 90 நாள் ஓடும். அடியில் லைசன்ஸ் இன்னும் எத்தனை நாளுக்கு என்று காட்டும். நாள் முடிந்தால் வோல்பேப்பர் கறுக்கும், மணிக்கொரு தடவை மெஷின் தானாக நிற்கும். இதற்கு எந்தக் கீயும் ஏறாது. வாங்கிய ப்ரோ கீயும் ஏறாது, முறையான எண்டர்பிரைஸ் கீயும் ஏறாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்றே வழி.

எது உங்களிடம் உள்ளது என்று அறிய விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் டபிள்யூ-ஐ-என்-வி-ஈ-ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்தையும் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். எடிஷன் பெயர் தெரியும். எவாலுவேஷன் என்றால் முடியும் திகதியும் அங்கேயே இருக்கும்.

அடுத்து அதே பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதை ஒட்டி டி-எல்-ஐ (dli) அடியுங்கள். சில விநாடியில் ஒரு சிறு விண்டோ வரும். அதன் இரண்டாவது வரியில் சனல் (லைசன்ஸ் விற்கப்பட்ட வழி) பெயர் இருக்கும்: ரீட்டெய்ல், ஓஇஎம், வொலியூம் அல்லது டைம்பேஸ்ட் எவால். கடைசிச் சொல் கண்டால் 4ஆம் பகுதியை முடித்த பின் 5ஆம் பகுதியும் உங்களுக்கு உண்டு. இந்த இரண்டு விண்டோவையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

2. கீ ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கலாம்

விண்டோஸ் 8 வந்த காலம் தொட்டு, விண்டோஸோடு விற்ற லப்டொப்களில் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வெயருக்குள் (மதர்போர்டிலேயே பதிந்த மென்பொருள்) எழுதியே அனுப்புகிறார்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் கீ எண் இருக்காது, விண்டோஸ் பெயர் மட்டும் இருக்கும். யாரோ இடையில் எவாலுவேஷனைப் போட்டுக் கொடுத்திருந்தாலும் உள்ளிருக்கும் கீ அழிவதில்லை.

விண்டோஸ் 10 அல்லது 11 உடன் வந்த மெஷின் என்றால், அதே எடிஷனைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்தாலே அக்டிவேட் ஆகிவிடும். காசு மிச்சம். வெளிநாட்டு ஒஃபிஸ்களில் ஓடி இங்கே பாவித்த மெஷினாக வருபவற்றில் ப்ரோ கீ உள்ளே கிடப்பதும் உண்டு. டொஸ் மட்டும் போட்டு விற்ற லப்டொப்பிலும், உதிரியாக வாங்கிக் கோர்த்த டெஸ்க்டொப்பிலும் இந்தச் சலுகை இல்லை.

விண்டோஸ் 7, 8 காலத்துக் கீயை நம்பி இறங்காதீர்கள். அவற்றைக் கொண்டு புதிய விண்டோஸுக்கு இலவசமாக ஏறும் வழியை மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது.

3. எந்த லைசன்ஸை வாங்குவது

வீட்டுக்கும் சிறு கடைக்கும் ரீட்டெய்ல் லைசன்ஸ் போதும். அது உங்களுடைய பொருள். மெஷின் பழுதானால் கழற்றி இன்னொன்றில் போடலாம். ஓஇஎம், அதாவது புது மெஷினோடு சேர்த்துத் தரும் லைசன்ஸ், முதலில் ஏறிய மதர்போர்டோடு கட்டுண்டது, மதர்போர்ட் போனால் லைசன்ஸும் போனது. வொலியூம் லைசன்ஸ் நிறுவனங்களுக்கானது. தனி ஆளுக்கு ஒற்றைக் கீயாக விற்கும் சரக்கு அல்ல.

மலிவான கீகளின் சூட்சுமம் இங்கேதான். ஏதோ ஒரு நிறுவனத்தின் வொலியூம் கீயைப் பல பேருக்குப் பிரித்து விற்பார்கள். முதல் நாள் ஏறும், பிறகொரு நாள் மைக்ரோசொஃப்ட் அந்தக் கீயைத் தடுத்ததும் எல்லோருடைய மெஷினும் ஒன்றாக அக்டிவேட் ஆகாத நிலைக்குத் திரும்பிவிடும். மைக்ரோசொஃப்ட் தளத்தில் ஹோம் 139 டொலர், ப்ரோ 199 டொலர். அதில் இருபதில் ஒரு பங்கு விலைக்கு ஒருவர் விற்றால் அது எந்தச் சனல் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

"கீ தர ஏலாது, நெட்டால உள்ளுக்கு வந்து நாங்களே போட்டுத் தாறம்" என்று சொன்னால் அந்த வியாபாரமும் வேண்டாம். கீ உங்கள் கைக்கு வரவில்லை என்றால் வாங்கியது என்ன என்பதற்கே சாட்சி இல்லை. எடிஷன் பெயர், சனல், திகதி மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 10 கீயும் 11 கீயும் வேறு வேறா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. எடிஷன் ஒன்றாக இருந்தால் 10க்கு வாங்கிய ரீட்டெய்ல் கீ 11இலும் ஏறும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், புதிதாகப் போடுபவர்கள் 11 போடுவதே சரி. அதற்கு மெஷினில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), 4 ஜிபி ரெம், 64 ஜிபி டிஸ்க் இருக்க வேண்டும். ப்ரொசெசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்.

மைக்ரோசொஃப்ட் தளத்தில் நேரே வாங்குவதானால், வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வங்கியிடம் கேட்டு வையுங்கள். மூடியிருந்தால் வாங்கும் கடைசிப் பக்கத்தில் கொடுப்பனவு தள்ளப்படும், காரணமும் ஒழுங்காகச் சொல்லாது.

4. தொடங்கும் முன்

எவாலுவேஷனை அழிக்கப் போகிறீர்கள் என்றால் சி ட்ரைவில் உள்ள அனைத்தும் போகும். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள் ஆகியவற்றை வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கள். டெஸ்க்டொப்பும் சி ட்ரைவுக்குள்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பது அழியாது என்றொரு நம்பிக்கை.

நம் பக்கத்தில் எல்லோரும் மறப்பது பாமினி. கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள் என்று பழைய ஃபைல்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும், ஃபைல் கெட்டுவிட்டதென்று பதறுவார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும் அதன் குடும்பத்தையும் கொப்பி எடுத்து வையுங்கள். தமிழ் தட்டச்சு செயலியின் செட்டப் ஃபைலும் கையில் இருக்கட்டும்.

கடைக் கணக்கு, பில் அடிக்கும் மென்பொருள்களின் லைசன்ஸ் மெஷினோடு கட்டப்பட்டிருக்கும். அழிக்கும் முன் விற்றவரிடம் கேட்டு அதை விடுவித்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பெக்கப்பையும் அந்த மென்பொருளின் வழியாகவே எடுங்கள். ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ணினால் பல வேளைகளில் திரும்ப ஏறாது.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்புக் கீயைத் தாளில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பயோஸில் ஒரு செட்டிங்கை மாற்றினாலே அடுத்த தடவை அதைக் கேட்கக்கூடும். டி ட்ரைவும் பூட்டியிருந்தால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று வெறுமையாக வேண்டும். மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் பல ஜிபி இறக்கும், இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பின் விடுங்கள். வைஃபை, லேன் ட்ரைவர்களை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அதே பென் ட்ரைவில் வேறொரு ஃபோல்டரில் போடுங்கள். விண்டோஸ் 11 ஹோம் செட்டப்பின் நடுவிலேயே இணையம் கேட்கும். ட்ரைவர் இல்லாமல் அங்கே மாட்டுபவர்கள் ஏராளம். ட்ரைவர் கிடைக்காவிட்டால் அன்ட்ரொய்ட் போனை கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் ட்ரைவர் கேட்காமல் ஓடும்.

கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று வாழைச்சேனையிலோ பொத்துவிலிலோ யாராலும் சொல்ல ஏலாது. டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். லப்டொப் என்றால் பெட்டரியை நிரப்பி, சார்ஜரையும் மாட்டியே செய்யுங்கள்.

5. எவாலுவேஷனை அகற்றிப் புதிதாகப் போடுதல்

ஓடிக்கொண்டிருக்கும் எவாலுவேஷனுக்குள் இருந்து செட்டப்பைத் திறந்தால் செயலிகளை வைத்துக்கொண்டு மாறும் தெரிவு கிடைக்காது. எனவே பென் ட்ரைவிலிருந்தே பூட் செய்யுங்கள். மெஷின் எழும்பும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப். பிராண்டுக்கு ஏற்ப மாறும். பட்டியலில் பென் ட்ரைவின் பெயர் இரண்டு தடவை தெரிந்தால் யூஈஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தெரியுங்கள். மற்றதில் போனால் டிஸ்க் பகுதியில் வந்து "எம்பிஆர், ஜிபிடி" என்று முரண்டு பிடிக்கும்.

கீ கேட்கும் இடத்தில் "கீ இல்லை" என்பதைத் தெரியுங்கள். கையில் கீயை வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்பீர்கள். இங்கே கொடுத்த கீ பிழையானால் செட்டப் பாதியில் நிற்கும், காரணத்தையும் சரியாகச் சொல்லாது. உள்ளே போனபின் கொடுத்தால் எரர் எண் கிடைக்கும், வழி தேடலாம்.

அடுத்து எடிஷன் பட்டியல். வாங்கிய கீ ப்ரோ என்றால் ப்ரோ, ஹோம் என்றால் ஹோம். தவறி ப்ரோவைப் போட்டுவிட்டு ஹோம் கீயைக் கொடுத்தால் இறங்கி வராது, மறுபடி அழிக்க வேண்டியதுதான். சந்தேகமிருந்தால் ஹோமைப் போடுங்கள். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறலாம்.

எடிஷன் பட்டியலே வராமல் நேராக ஹோம் போடத் தொடங்கினால் திகைக்க வேண்டாம். ஃபர்ம்வெயருக்குள் ஹோம் கீ இருக்கிறது, செட்டப் அதைப் படித்துவிட்டது. போகட்டும், முடிந்தபின் 6ஆம் பகுதிப்படி ப்ரோவுக்கு ஏற்றுங்கள்.

டிஸ்க் தெரியும் பக்கத்தில் நிதானம் வேண்டும். இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் ட்ரைவ் 0 எது, 1 எது என்பதை அளவை வைத்து உறுதி செய்யுங்கள். பெக்கப் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பழைய விண்டோஸ் இருந்த பாட்டிஷன்களை மட்டும் அழித்து, உருவாகும் வெற்றிடத்தைத் தெரிந்து அடுத்ததுக்குப் போங்கள்.

முன்பு க்ரெக் போட்டு ஓடிய மெஷினுக்கும் இதே வழியையே சொல்வோம். அக்டிவேட்டர் செயலிகள் போலி சேர்வர் முகவரியையும் தானாக ஓடும் வேலைகளையும் விட்டுப்போகும். தங்களைப் பிடிக்காதபடி விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரிலும் விலக்கு எழுதி வைத்திருக்கும். அதன் மேலேயே நல்ல கீயைப் போட்டால் லைசன்ஸ் சரியாகும், விலக்கு அப்படியே திறந்து கிடக்கும்.

6. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு

இதற்கு அழிக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போய் "சேஞ்ச் புரொடக்ட் கீ" பொத்தானில் ப்ரோ கீயைக் கொடுத்தால் எடிஷன் மாறி ரீஸ்டார்ட் ஆகும். ஃபைலும் செயலியும் இருந்தபடியே இருக்கும்.

803எஃப்ஏ067 என்ற எரர் வந்தால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். எடிஷனை மட்டும் மாற்றுவதற்கென மைக்ரோசொஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே ஒரு பொதுக் கீயைக் கொடுத்திருக்கிறது. வைஃபையையும் கேபிளையும் துண்டித்துவிட்டு அதைப் போடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி ப்ரோ வந்ததும் இணையத்தை இணைத்து உங்கள் சொந்தக் கீயைப் போடுங்கள். பொதுக் கீ எடிஷனைத்தான் மாற்றும், அக்டிவேட் செய்யாது. அதோடு நிறுத்திவிட்டு "இலவசமாக ப்ரோ கிடைத்தது" என்பவர்களின் திரையில் சில நாளில் மங்கிய எழுத்து வந்து நிற்கும்.

7. திகதியும் நேரமும்

கீயைத் தொடும் முன் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் அக்டிவேஷன் சேர்வரோடு பாதுகாப்பு இணைப்பு ஏற்படாது, 80072எஃப்8எஃப் என்ற எரர் வரும். டைம் சோன் பட்டியலில் கொழும்பு என்று தேடாதீர்கள். 5:30 கூட்டிய வரிசையில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்கும்.

சரிசெய்த திகதி மெஷினை அணைத்து எழுப்பியதும் மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பெட்டரி செத்துவிட்டது. 3 வோல்ட், நாணயம் போன்றது, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றிய பின்னரே மேலே போங்கள்.

8. கீயைத் தட்டுதல்

கீ 25 எழுத்து, ஐந்தைந்தாக ஐந்து கூட்டம். இதில் எல்லா எழுத்தும் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்துகளும், எல், எஸ், இசட் எழுத்துகளும், 0, 1, 5 என்ற இலக்கங்களும் விண்டோஸ் கீயில் கிடையாது. எனவே ஸ்டிக்கரில் பூச்சியம் போலத் தெரிவது கியூ அல்லது டி. 5 போலத் தெரிவது பெரும்பாலும் மங்கிய 6. பி எழுத்தையும் 8ஐயும், ஜி எழுத்தையும் 6ஐயும் மாற்றி வாசிப்பதே அதிகம் நடக்கும் தவறு.

வட்ஸப்பில் வந்த கீயைக் கொப்பி பண்ணி ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒட்டிய இடைவெளியை அகற்றுங்கள். கோடுகளை நீங்கள் போட வேண்டாம், தானாக வரும். நெக்ஸ்ட், பிறகு அக்டிவேட். நல்ல இணைப்பில் ஒரு நிமிடம் போதும்.

9. எரர் வந்தால்

எரர் எண்ணைப் பாராமல் அதே கீயைப் பத்துத் தடவை தட்டுவதால் ஒன்றும் ஆகாது. எண்தான் காரணத்தைச் சொல்கிறது. முன்னால் வரும் 0எக்ஸ் எல்லாவற்றுக்கும் பொது, அதன் பின்னால் உள்ளதைப் பாருங்கள்.

சி004எஃப்050: கீ செல்லாது. முதலில் எழுத்தைச் சரிபாருங்கள், பிறகு எடிஷனை. சி004எஃப்210: கீயும் எடிஷனும் பொருந்தவில்லை, 1ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

சி004சி008: அந்தக் கீ அனுமதித்த அளவுக்கு மேல் பயன்பட்டுவிட்டது. பழைய மெஷினில் நீங்களே போட்டிருந்தால் அங்கே கழற்றுங்கள்: முன்சொன்ன எஸ்-எல்-எம்-ஜி-ஆர் கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கறுப்பு விண்டோவில், சாய்கோட்டோடு யூ-பி-கே (upk) சேர்த்து அடிக்க வேண்டும். நீங்கள் போட்டதே இல்லை என்றால் விற்றவர் வேறு யாருக்கும் விற்றிருக்கிறார். பற்றுச்சீட்டோடு போங்கள். சி004சி003 என்றால் கீ தடுக்கப்பட்டது, அதுவும் விற்றவரிடமே.

சி004எஃப்074, 8007232பி: மெஷின் ஏதோ நிறுவனத்தின் உள் சேர்வரைத் தேடுகிறது. வொலியூம் விண்டோஸ் அல்லது பழைய க்ரெக்கின் மிச்சம். ரீட்டெய்ல் கீயைப் போட்டால் தேடலை நிறுத்தும்.

சி004எஃப்211: மெஷினின் உறுப்பு மாறிவிட்டது, பெரும்பாலும் மதர்போர்ட். அக்டிவேஷன் பக்கத்தில் "ட்ரபிள்ஷூட்" பொத்தானை அழுத்தி, அண்மையில் உறுப்பு மாற்றினேன் என்பதைத் தெரியுங்கள். லைசன்ஸ் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முன்பே இணைந்திருந்தால்தான் இது பலிக்கும்.

10. ஏறியதா என்று பார்த்தல்

மங்கிய எழுத்து மறைந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எஸ்-எல்-எம்-ஜி-ஆர் கட்டளையில் சாய்கோட்டோடு எக்ஸ்-பி-ஆர் (xpr) சேர்த்து அடியுங்கள். நிரந்தரமாக அக்டிவேட் ஆனது என்று வர வேண்டும். அதற்குப் பதில் ஒரு திகதி வந்தால், உங்களுக்குப் போட்டது 180 நாளுக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டிய வொலியூம் முறை. ரீட்டெய்ல் என்று சொல்லி விற்றிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பிறகு உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, அக்டிவேஷன் பக்கத்தில் லைசன்ஸ் கணக்கோடு இணைந்தது என்ற வரி வருகிறதா பாருங்கள். கடைக்காரரின் கணக்கில் இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. நாளைக்கு மதர்போர்ட் மாறினால் உரிமை அவர் கணக்கில் கிடக்கும். கீயையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து ஈமெயிலில் போட்டு வையுங்கள், அந்த மெஷினுக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

11. ஒஃபிஸில் சேர்வர் எவாலுவேஷன் ஓடினால்

சங்கம், கிளினிக், டியூட்டரி என்று சில இடங்களில் விண்டோஸ் சேர்வர் எவாலுவேஷன் ஓடுகிறது. இதற்கு 180 நாள். முதல் 10 நாளுக்குள் ஒரு தடவையாவது இணையத்தில் அக்டிவேட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தானாக அணையத் தொடங்கும். மேலே சொன்ன எண்டர்பிரைஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று: சேர்வரை அழிக்காமலே முழு லைசன்ஸுக்கு மாற்றலாம்.

ஆனால் செட்டிங்ஸில் கீயைப் போட்டால் ஏறாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளை விண்டோவில் டிஸம் (DISM) கருவியால் செய்ய வேண்டும். முதலில் தற்போதைய எடிஷனைக் கேளுங்கள், பிறகு மாறக்கூடிய எடிஷன்களைக் கேளுங்கள், கடைசியில் செட்-எடிஷன் கட்டளையில் எடிஷன் பெயர், கீ, நிபந்தனை ஏற்பு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்டாண்டர்ட் எவாலுவேஷன் ஸ்டாண்டர்டுக்கோ டேட்டாசென்டருக்கோ மாறும். டேட்டாசென்டர் எவாலுவேஷன் ஸ்டாண்டர்டுக்கு இறங்காது. ஸ்டாண்டர்ட் லைசன்ஸ் வாங்கிய இடத்தில் டேட்டாசென்டர் எவாலுவேஷன் ஓடினால் மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

முன்னேற்றக் கோடு நூற்றுக்குப் பத்தில் நீண்ட நேரம் நிற்கும். செத்துவிட்டதென்று நினைத்து விண்டோவை மூடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய சேதம். விட்டுவையுங்கள், பிறகு ரீஸ்டார்ட் கேட்கும். வேலை நேரத்தில் தொடங்க வேண்டாம்.

அந்தச் சேர்வர் டொமைன் கொன்ட்ரோலராக (ஒஃபிஸ் மெஷின்களின் உள்நுழைவைக் கட்டுப்படுத்தும் சேர்வர்) இருந்தால் இந்த மாற்றம் நடக்காது. இன்னொரு சேர்வரை டொமைன் கொன்ட்ரோலராக்கி, இதை அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கி, எடிஷனை மாற்றிய பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். கையில் உள்ளது வொலியூம் அல்லது ஓஇஎம் கீ என்றால் முதலில் ரீட்டெய்ல் நிலைக்கு மாற்றி, அதன் பிறகு அந்தக் கீயைப் போடுங்கள். சேர்வர் லைசன்ஸ் விலைக்குள் அதோடு இணையும் ஆட்களுக்கான சிஏஎல் (CAL) லைசன்ஸ் அடங்காது, கடையில் விலை கேட்கும்போதே அதையும் தனியாகக் கேளுங்கள்.